முந்தி வந்தவர்கள்

சாமான் லாரி ஒன்று இரைந்துகொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்ததும் என் மாமனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாவு பிசைம்மா" என்றார். நான் அப்போதுதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். லாரியின் மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிய சோபா ஒன்று கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி. அதில் எங்கள் வீட்டுக் கூரையும் புகைபோக்கியும் ஒரு நொடி தெரிந்து மறைந்தன. மாமா எழுந்து ஜன்னலருகே போய், லாரி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்தார்.

"போன தடவை பிசைஞ்ச மாவை நாமளேதான் மாமா நாள்கணக்கா தின்னோம்."

"அவங்க தூரத்துல இருந்து வந்த களைப்பு. இவங்க அப்படி இருக்க மாட்டாங்க."

"லாரிதான் தூரத்துல இருந்து வருது. அவங்க கார்ல வர்றாங்க. களைப்பெல்லாம் லாரிக்காரனுக்குத்தான்."

"அப்ப லாரிக்காரனுக்கும் சேத்துப் பிசை."

எங்களில் ஓரிடத்துக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், அங்கே முந்தி வந்தவர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். எருலிக் என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் அன்றைக்கே அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் அலையக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் சாப்பிட்டு எழுந்துவிட்டால் இரண்டு வீடும் அண்டை வீடு. அதற்கப்புறம் சண்டை போடலாம், வருஷக்கணக்கில் பேசாமலும் இருக்கலாம், யாரோ எவரோ என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. இந்த மலைச்சரிவில் மாமா எருலிக் கொடுக்காத ஆள் கிடையாது. தேனீப் பெட்டிகளோடு வந்த ரஷ்யக் கிழவனுக்குக் கொடுத்தார், பனி அளக்க வந்த குடும்பத்துக்குக் கொடுத்தார், பெண்டாட்டிக்குப் பயந்து ஒரு கோடைக்காலம் முழுக்க மேய்ச்சல் குடிசையில் ஒளிந்திருந்த ஒரு கணக்கு வாத்தியாருக்கும் கொடுத்தார். அந்த வாத்தியாரைத் தேடிக்கொண்டு அவர் பெண்டாட்டி வந்தபோது அவளுக்கும் தனியாக ஒன்று.

என் பெயர் உல்போசின். அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று அர்த்தம். எங்கள் அப்பா எனக்குப் பெயர் வைக்கும்போதே வேறொருவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என்னை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருப்பது எனக்குப் பழகிப்போன சங்கதி. மாமா அப்படி இல்லை. இந்த மலையில் தம்மை யாரோ ஒருவர் தாண்டிப் போக முடியும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

எங்கள் சரிவான ஷிர்ஷாலி ஒரே நாளில் ஊராகிவிடவில்லை. நான் கல்யாணமாகி இந்த வனக்காவல் வீட்டுக்கு வந்தபோது காடு சமையலறை ஜன்னல் வரை இருந்தது. ஷிர்ஷா மரங்கள், கறுப்பாக, ஊசி ஊசியாக இலை. நடுப்பகலில் விளக்கேற்றித்தான் இறைச்சி நறுக்குவேன். முதல் வருஷம் அந்த இருட்டைப் பார்த்து அழுதிருக்கிறேன். பிறகு ஒரு மே மாதம், பிற்பகலில் ஒரு காற்று வந்தது. அப்படியொரு காற்றை மாமாவே பார்த்ததில்லையாம். சாயங்காலம் வெளியே வந்தபோது சரிவில் பாதி மரங்கள் ஒரே திசையில் படுத்திருந்தன. முதன்முதலாக எங்கள் வாசலிலிருந்து கீழே நகரத்தின் விளக்குகள் தெரிந்தன. எனக்கு அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காட்சி நன்றாக இருக்கிறதே என்று நினைத்தது நான் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வனக்காவலரான மாமாவிடம் ஒரு சுத்தியல் இருந்தது. அதன் தலையில் எழுத்தும் எண்ணும் புடைத்திருக்கும். அடிமரத்தில் ஓங்கி ஒன்று போட்டால் அந்த மரத்தை வெட்டலாம் என்று அர்த்தம். விழுந்த மரங்களுக்கு அடித்தார். விழுந்ததற்குப் பக்கத்தில் நின்று வேர் ஆடிப்போனவற்றுக்கும் அடிக்கச் சொன்னார்கள், அடித்தார். பிறகு வண்டு விழுந்துவிட்டது என்றார்கள். வண்டு விழுந்ததற்கு அடித்தார், விழாததற்கு முடியாது என்றார். கொஞ்ச நாளில் அவர் தொடாத மரங்களிலும் அதே எழுத்து, அதே எண். யாரோ இன்னொரு சுத்தியல் செய்துகொண்டுவிட்டார்கள். வெட்டிப்போன கட்டைகளைக் குனிந்து விரலால் தடவி, "இது என் அடி இல்லம்மா, நான் இவ்வளவு சாய்ச்சு அடிக்க மாட்டேன்" என்பார். மேலே போய் முறையிட்டார். முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டார்களாம். ரம்பம் இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் நல்ல காலணி போட்ட சிலர் வந்து சரிவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே காடு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான், இல்லை. காடில்லாத இடத்துக்கு வனக்காவலரும் தேவையில்லை என்று மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலேதான் அவர் இருந்தார். அப்புறம் சாலை வந்தது, மண்ணைப் படிப்படியாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள், எல்லாம் ஒரே சாயலில் சாம்பல் நிற வீடுகள், சுற்றிலும் மதில், கீழே ஒரு கேட். ஷிர்ஷாலி என்ற பெயரை மட்டும் காதுக்கு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள்.

கேட்டில் காவலுக்கு ஆள் எடுத்தபோது என் வீட்டுக்காரர் மர்குலானுக்கு அந்த வேலை கிடைத்தது. மதிலுக்குள்ளே மேல் தெருவின் கோடியில், திட்டத்தில் இல்லாத ஒரே வீடாக எங்கள் மரவீடு நின்றது. அந்த இடத்தில் அவர்கள் குழந்தைகள் விளையாட்டுத் திடல் வரைந்திருந்தார்கள். எரிச்சல்கூடப் பட முடியாத மாதிரி வரைந்திருந்தார்கள். குழந்தைகள் விளையாடுவதை எதிர்த்து யார் என்ன பேசுவது? நிர்வாகி மர்குலானிடம் ஒருநாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாராம், குடியிருக்கிறவர்களே கேட்டுக்கொண்டால் வீட்டை விட்டுவிட்டுத் திடலைக் கீழே தள்ளிக்கொள்ளலாம் என்று. அன்றிலிருந்து மாமாவின் எருலிக்குக்கு இன்னொரு பாரமும் ஏறிக்கொண்டது. ஒரு குடும்பம், ஒரே ஒரு குடும்பம் எங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், சாப்பிட்ட வீட்டை இடிக்க எவருக்கும் மனசு வராது என்று அவர் நம்பினார். இதை ஒரு தந்திரம் என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் என்றால் இப்படித்தான் நடக்கும் என்றே இருந்தார்.

அந்த சோபாக்காரர்களுக்கும் நான் மாவு பிசைந்து, தகடாகத் தேய்த்து, ஆட்டிறைச்சி வேகவைத்து வைத்தேன். மாமா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு அவரே கூப்பிடப் போனார், நானும் துணைக்குப் போனேன். கதவருகே சுவரில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒரு பெண் குரல் பேசியது. மாமா சுவரைப் பார்த்து வணக்கம் சொல்லி, குடும்பம் எல்லாம் சுகமா, பயணம் நல்லபடி இருந்ததா என்று விசாரித்து, நாங்கள் மேல் தெருவில் இருக்கிறோம், சாப்பாடு தயாராக இருக்கிறது என்றார். குரல், "நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்றது. மாமாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்து முகமெல்லாம் எரிந்தது. "கேட்டுலயே குடுத்துட்டுப் போங்க, அங்க இருக்கிற ஆள் வாங்கி வைப்பான்" என்றது குரல்.

அங்கே இருக்கிற ஆள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னார்.

"இனிமே யார் வீட்டு மணியையும் அடிக்கக் கூடாதாம்ப்பா. குடியிருக்கிறவங்களுக்குத் தொந்தரவாம்."

"நாமளும் குடியிருக்கிறவங்கதானே."

"கேட்ல நிக்கிறவன் வீட்டு விருந்துக்கு எவன் வருவான், சொல்லுங்க."

"கேட்ல நிக்கிறது நீ. அப்பவும் ஒருத்தரைக்கூட உள்ள இழுத்துட்டு வரத் தெரியல."

மர்குலான் சிரித்துவிட்டார். அப்புறம் இறைச்சித் தட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எங்கள் மகள் இன்கார் மட்டும் மும்முரமாகச் சாப்பிட்டாள். இப்படி வந்து சேராத விருந்துகளால் அந்த வருஷம் அவள் நன்றாகச் சதைபிடித்தாள்.

சல்தனத் தானாகவே வந்தாள். மார்ச்சில் பனி சேறாகிக்கிடந்த ஒரு காலையில், வெள்ளைக் காலணியோடு எங்கள் வேலி ஓரமாகக் கல்லுக்குக் கல் தாவித் தாவி வந்து நின்றாள். மதிலுக்குள் குடிவந்தவர்களில் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும். கீழே நகரத்தில் இரண்டு பல் மருத்துவமனைகள் நடத்துகிறவள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் மொழியை ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள். நகரத்தில் ரஷ்ய மொழியில் வளர்ந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

"இங்க ஒரு வீட்ல மாடு இருக்குன்னு சொன்னாங்க. கடைப் பாலாடையை வாயில வைக்க முடியல. கொஞ்சம் கிடைக்குமா?"

"விக்கிறதில்ல" என்றார் மாமா. அவள் முகம் விழுந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. எருலிக்."

"எரு... என்னது?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

மிச்சமிருந்த ஒரே ஆட்டை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அறுத்தோம். அவள் கணவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார். மகன் சஞ்சாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், இன்கார் வயசுதான், நல்ல பையன், காலணியை எங்கே விடுவது என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். விருந்தாளிக்கான மேல் இடத்தில் மெத்தையை விரித்து உட்காரவைத்தோம். அவள் முதலில் முள்கரண்டி தேடினாள், இல்லை என்று தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையால் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். மூன்றாவது கோப்பைத் தேநீரில் கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்ல யாரும் இதெல்லாம் சொல்லித் தரலப்பா" என்றாள். பெரியவரே என்று ஆரம்பித்தவள் அதற்குள் அப்பா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, யாரு யாருக்குக் குடுக்கிறது?" கைபேசியை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"முந்தி வந்தவங்க, பின்னாடி வர்றவங்களுக்கு. வேற ஒண்ணும் இல்லம்மா."

"ஏன் அப்படி?"

"அவங்களுக்கு இங்க யாரைத் தெரியும்? தண்ணி எங்க, பாதை எங்கன்னு தெரியாது. வந்த எடத்துல ஒரு அடுப்பாவது அவங்களுக்குன்னு எரியணும்ல."

விருந்தாளி கையை நக்கிக்கொண்டிருக்கும்போது குறையைச் சொல்லி அழுவது எங்களில் கேவலம். மாமா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார். நான்தான் சொன்னேன். "அக்கா, இந்த வீட்டை இடிச்சுட்டு விளையாட்டுத் திடல் கட்டப்போறாங்க. உங்க குடியிருப்போர் சங்கம் வேண்டாம்னு சொன்னா விட்டுடுவாங்களாம்." மாமா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். சல்தனத் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு வந்தது உண்மையான கோபம்.

"இந்த வீட்டையா? நான் பேசுறேன். நீங்க எங்கயும் போக வேண்டாம், தங்கச்சி. ஷிர்ஷாலியை விட்டு நீங்க எங்கயும் போக மாட்டீங்க. இது என் பொறுப்பு."

அவளை வழியனுப்பிவிட்டு வந்து மாமா ஒரு வார்த்தையும் என்னைத் திட்டவில்லை. பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே போய் வேலியில் சாய்ந்திருந்த கம்பத்தை நேராக்கினார். இனி இந்த வீட்டில் இருக்கப்போகிறோம் என்றுதானே வேலியைச் சரிசெய்கிறார் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவள் பேசத்தான் செய்தாள், அதில் பொய் இல்லை. சங்கக் கூட்டத்தில் அவள் ஒருத்தியாக நின்று கத்தியதை மர்குலான் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். பழைய மரவீடு, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்றார் ஒருவர். சாண நாற்றம் ஜன்னல் வழியாக வருகிறது என்றார் இன்னொருவர். என் பிள்ளை எங்கே விளையாடும் என்று ஒரு தாய் கேட்டாள். சல்தனத் விடவில்லை. இரண்டு வாரம் வீடுவீடாகப் போயிருக்கிறாள். கடைசியில் மே மாதம் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அவங்க உங்களை நகரத்துக்கு அனுப்பத்தான் பாத்தாங்க. நான் ஒத்துக்கல. மதிலுக்கு உள்ளயே வாங்கிட்டேன் தங்கச்சி. கீழே கொதிகலன் கட்டடம் இருக்கில்ல, அதுக்குப் பக்கத்துல காவலாளிகளுக்குப் புதுசா கட்டுறாங்க. ரெண்டு அறை. வெந்நீர் எந்நேரமும் வரும். நான் சொன்னேன்ல, நீங்க ஷிர்ஷாலியை விட்டு எங்கயும் போக மாட்டீங்கன்னு."

நானும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவளால் முடிந்ததில் மிகப் பெரியதை அவள் செய்திருந்தாள். மாமா அவளுக்குப் பாலாடை ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். மாட்டை அடுத்த வாரம் விற்றோம்.

வீட்டை இடித்த அன்று காலை மாமா அடுப்பில் சாம்பலை அள்ளினார், தரையைப் பெருக்கச் சொன்னார், ஜன்னல்களைச் சாத்தினார். எல்லோரும் வெளியே வந்தபின் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, நேரே போய்ச் சாவியைப் புல்டோசர்காரன் கையில் கொடுத்தார். அவன் இளைஞன், அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம், யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவன்மேல் கொட்டியிருப்பேன். யாரும் கெட்டவராக இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கீழே இரண்டு அறைகள். வெந்நீர் எந்நேரமும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், குளிர் தொடங்கிய பிறகும் விறகு வெட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கொதிகலன் சுவர். மாமா காலையில் எழுந்து உடுத்திக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்காருவார். நடந்துவிட்டு வாருங்கள் மாமா என்றால், எங்கே என்பார். ஒருநாள் போனார், போய்ச் சீக்கிரமே திரும்பிவிட்டார். புல்லில் நடக்காதீர்கள் என்று யாரோ மரியாதையாகத்தான் சொன்னார்களாம். அந்தப் புல் சுருட்டி வைத்துக் கொண்டுவந்து விரித்தது. அப்புறம் அவர் வெளியே போகவே இல்லை.

அழைப்பிதழ் அக்டோபரில் வந்தது. கெட்டி அட்டை, ஓரமெல்லாம் ஆட்டுக்கொம்புக் கோலம், தங்க எழுத்து. மர்குலான் வேலையிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். மாமா கண்ணாடியைத் தேடியும் கிடைக்காமல் என்னைப் படிக்கச் சொன்னார். ஷிர்ஷாலி குடியிருப்போர் சங்கம், நம் முன்னோர்களின் வழக்கப்படி, இந்த ஆண்டு இங்கே புதிதாகக் குடிவந்துள்ள குடும்பங்களுக்கு எருலிக் கொடுக்கிறது. தங்கள் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டும். புதிதாகக் குடிவந்துள்ள என்ற வரியை இன்னொரு முறை படித்தேன். அட்டையின் அடியில் சல்தனத்தின் கையெழுத்து, பக்கத்தில் அவளே வரைந்த ஒரு சின்னப் பூ.

நான் சிரித்தேன். நிறுத்த முடியாமல் சிரித்தேன். இன்காரும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தாள்.

"போன மாசம் வரைக்கும் வந்த வீடுகளுக்கெல்லாம் அட்டை கொடுத்தாங்க" என்றார் மர்குலான், தரையைப் பார்த்துக்கொண்டு. "நம்ம வீடுதான் கடைசியா கட்டினது. அதனால நம்மளையும்..."

"அதனால நாம புதுசு. ஆமாமா, நேத்துத்தானே வந்தோம். எனக்கு இன்னும் தண்ணி எங்க இருக்குன்னுகூடத் தெரியல."

"மெதுவா பேசு."

"நான் வரல. நீங்க யாரும் போகக் கூடாது. மாமா, இதுக்குப் போனா ஒத்துக்கிட்ட மாதிரி. அவங்க முந்தி, நாம பிந்தின்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற மாதிரி."

மாமா அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அந்தத் தங்க எழுத்துகளைத் தடவினார்.

"நாம கூப்பிட்டு அவங்க வராம இருந்தப்ப எப்படி இருந்துச்சு உனக்கு?" என்றார்.

"அது வேற மாமா."

"எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்மா. இன்னொருத்தருக்கு அதை என்னால செய்ய முடியாது. எருலிக்குன்னு கூப்பிட்டா போகணும். என் கோட்டை எடுத்துத் தட்டி வை."

தட்டி வைத்தேன்.

சங்கத்தின் கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். சுவரில் கடை மடிப்புகூடக் கலையாத கம்பளங்கள். வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுகிறவர்கள், ஒரு மூலையில் இரட்டைத் தந்தித் தோம்பிரா வாசிக்கும் பையன், ஒலிபெருக்கியோடு ஒரு ஆள். சல்தனத் பூவேலை செய்த வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அவள் மொழி முன்னைவிடத் திருத்தமாகியிருந்தது. "அப்பா, உங்களுக்காகத்தான் இதை ஆரம்பிச்சேன். எல்லாருக்கும் நீங்க பேசின வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பாருங்க, எத்தனை பேர்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

வாசலுக்கு எதிரே, நடுவில், எல்லோரும் பார்க்கும் மேல் இடத்தில் மாமாவை உட்காரவைத்தார்கள். ஒலிபெருக்கிக்காரன், "நம்ம ஷிர்ஷாலிக்குப் புதுசா வந்து சேர்ந்திருக்கிற மூத்தவர், மதிப்புக்குரிய எசிம்கான் ஐயா" என்று அறிவித்தான். எங்களில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. அது கூடம் முழுக்க எதிரொலித்தபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சுவரைப் பார்த்து மாமா வணக்கம் சொன்ன அந்த வீட்டுக்காரர்களும் அங்கேதான் எங்கோ உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள். முகம் தெரியாததால் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து மாமாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். தலை விருந்தாளிக்கு. தலையை வாங்குகிறவர் முதலில் விருந்து கொடுக்கிற வீட்டை வாழ்த்த வேண்டும். அவ்வளவு வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த எல்லோரும் மாமாவை வாழ்த்தியிருக்கிறார்கள், அடுப்பு அணையாதிருக்கட்டும், நிலைப்படி உயரட்டும் என்று. இந்த மலையில் அவர் யாரையும் அப்படி வாழ்த்தியதில்லை. வாழ்த்த வேண்டிய இடத்தில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மாமா உள்ளங்கைகளை விரித்தார். கூடம் முழுக்கக் கைகள் விரிந்தன, கையுறை போட்டவர்கள்கூட விரித்தார்கள். அவர் திணற வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். எழுந்து, இது யார் மலை தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"புதுசா வந்த எங்களை மதிச்சுக் கூப்பிட்டீங்க" என்றார் மாமா. குரலில் குத்தலே இல்லை. "உங்க அடுப்பு அணையாம இருக்கட்டும். உங்க நிலைப்படி உயரட்டும். முந்தி வந்தவங்க நீங்க. இந்த மண்ணு உங்களைத் தாங்கட்டும், தண்ணி உங்களுக்கு வத்தாம வரட்டும், உங்க பிள்ளைங்களோட பிள்ளைங்க இங்க இருக்கட்டும்." சொல் ஒன்றும் தவறவில்லை. அவர் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் ஆமீன் சொல்லி, விரித்த கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெண் விசும்பினாள். மர்குலான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மாமா கத்தியை எடுத்துத் தலையிலிருந்து காதை அறுத்தார். காது பிள்ளைகளுக்கு. விருந்து கொடுக்கிற வீட்டுப் பிள்ளைக்குத்தான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் விருந்தென்றால் அது இன்காருக்கு, அவளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து எந்த விருந்தாளியும் அதை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. கத்தி முனையில் காதைப் பார்த்ததும் அவள் நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்த் தாத்தாவின் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். மாமா அவளைப் பார்த்தார். அப்புறம் அவர் கை அவள் தலைக்கு மேலாக நீண்டு, மேசையின் அந்தப் பக்கம் அம்மாவை ஒட்டி நின்ற சஞ்சாரிடம் போனது. அவன் அது என்னவென்று தெரியாமல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். சல்தனத் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி, "வாங்கிக்கோடா, அது உனக்குத்தான்" என்றாள். இரண்டு விரலால் எடுத்துக்கொண்டான். மாமா கத்தியைத் துடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தலையில் இன்னொரு காது இருந்தது. இன்கார் அதைப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை விரித்தபடியே நின்றாள்.